பேச்சை அளக்கும் பிள்ளைக்கு

பிரபு,

வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாய், "ஏம்மா, முன்னெல்லாம் தினம் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவியே, இப்ப ஒண்ணுகூட வரலியே" என்று. தொண்டை சரியில்லை என்று சொன்னேன். அது பொய். தொண்டைக்கு ஒன்றும் இல்லை. அங்கன்வாடியில் பிள்ளைகளோடு காலையிலிருந்து கத்திக்கொண்டுதான் இருக்கிறேன். உனக்குப் பேசி அனுப்பப் பயமாக இருக்கிறது, அதுதான் காரணம். போனை வாயருகே கொண்டுபோய், அந்த மைக் படத்தை அழுத்திப் பிடித்து, "பிரபு" என்று சொல்லிவிட்டு அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டு நிற்கிறேன். எந்த வார்த்தையைச் சொன்னால் என்னைப் பற்றி என்ன தெரிந்துவிடும் என்று தெரியவில்லை. விரலை எடுத்துவிடுகிறேன். அப்புறம் 'சாப்பிட்டியா' என்று எழுத்தில் மட்டும் அனுப்புகிறேன். அதற்குக்கூட ஒருமுறை யோசித்தேன், தினமும் இதையே கேட்டால் அதற்கும் ஏதாவது அர்த்தம் இருக்குமோ என்று. பெற்ற பிள்ளையிடம் வாய் திறக்கப் பயப்படுகிற ஒருத்தியாக நான் ஆவேன் என்று நினைத்ததே இல்லை. கையால் எழுதினால் மட்டும் தப்பித்துவிட முடியுமா என்று உனக்குத் தோன்றலாம். இதையும் படம் பிடித்து உன் கம்ப்யூட்டருக்குள் போடலாம் என்று எனக்குத் தெரியும். போடமாட்டாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உன் வேலை எனக்குப் புரியாமல் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ எனக்குப் புரிகிற மாதிரிதான் சொல்லிக் கொடுத்தாய். இந்தக் கம்பெனியில் சேர்ந்த புதிதில் பொங்கலுக்கு வந்திருந்தாயே, நான் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன், நீ எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னாய். "ஒருத்தர் எழுதறதை, பேசறதை கம்ப்யூட்டர் எடுத்துக்கும்மா. 'நான்'னு எத்தினி வாட்டி வருது, 'எப்பவுமே', 'ஒருநாளும்'னு எத்தினி வாட்டி வருது, வாக்கியம் நீளமா கட்டையா, எல்லாத்தையும் எண்ணும். இதே மாதிரி எழுதின எத்தனையோ பேர் எப்படிப்பட்ட ஆளுங்கன்னு அதுக்கு முன்னாடியே தெரியும். அத்தோட வெச்சிப் பாத்து, இவர் இந்த மாதிரி ஆளுன்னு கோடு போட்டுக் காட்டிடும்." வேலைக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகள் அதை வாங்குகின்றன என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. "வெங்காயம் வாங்கியாடான்னு நான் சொன்னா அதுல இன்னாடா தெரியும்?" என்று கேட்டேன். நீ ஒரு மொச்சையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாய், "ஒண்ணுல தெரியாதும்மா. வருஷக்கணக்கா சொல்லிகினு இருந்தா தெரிஞ்சிடும்." அன்றைக்கு இரண்டு பேரும் சிரித்தோம். இப்போது அந்த வார்த்தையை நினைத்தால் சிரிப்பு வரவில்லை. வருஷக்கணக்காக நான் உன்னோடுதானே பேசிக்கொண்டிருக்கிறேன்.

திவ்யாவுக்குப் பெரணமல்லூர் வரன் அமைந்தபோது எங்களைவிட நீதான் சந்தோஷப்பட்டாய். நிச்சயத்தன்று மாப்பிள்ளை சரவணன் தோளில் கை போட்டு நின்று படம் எடுத்துக்கொண்டாய். கல்யாணப் பெண் பழைய போனை வைத்துக்கொண்டு திரியக்கூடாது என்று புதிது வாங்கி வந்தாய். பட்டுக்கடையில் உன் தங்கைக்கு வேலையே போனில்தானே. புடவைப் படம் அனுப்பி, 'அக்கா இந்த கலர் இருக்குங்க, அந்த பார்டர் நாளைக்கு வரும்ங்க' என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டிருப்பாள். பழையதில் இருப்பதையெல்லாம் புதியதில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாய். அவள் வந்து புதுப் போனைக் கையில் வாங்கியதும் உன் கன்னத்தைக் கிள்ளினாள். அவளும் சரவணனும் நிச்சயத்திலிருந்து எழுதிக்கொண்டதெல்லாம் அந்த மத்தியானத்திலேயே உன் கம்ப்யூட்டருக்கும் போய்விட்டது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

நீ வேலைக்குத் திரும்பிப் போய்ச் சில நாளில் கூப்பிட்டாய். "ஸ்பீக்கர்ல போடும்மா, அப்பாவும் கேக்கட்டும்" என்றாய். உங்கப்பா பவர்லூமை நிறுத்திவிட்டு வந்தார். தறிச் சத்தம் நின்ற வீட்டில் உன் குரல் மட்டும் கேட்டது. "சரவணன் எழுதினதைப் போட்டுப் பாத்தேன்ப்பா. அனுசரிச்சிப் போற குணம் அடியில கெடக்குது. கோவம் உச்சியில நிக்குது. இந்த மாதிரி வர்ற ஆளை எங்ககிட்ட வாங்கற கம்பெனிங்க வேலைக்கே எடுக்க மாட்டாங்க. நம்ம பொண்ணைக் குடுக்கலாமா?"

"நேர்ல நல்லாத்தானடா பேசறான்" என்றார் உங்கப்பா.

"நேர்ல எல்லாரும் நல்லாத்தாம்ப்பா பேசுவாங்க."

அந்த ஒரு வாக்கியம் எனக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. நீ சொன்னதில் தப்பு என்ன இருக்கிறது? பெண் கொடுத்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பிறகுதான் தெரிய வந்து கையைப் பிசைந்துகொண்டு நிற்கிற எத்தனை அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கன்வாடிக்குப் பிள்ளையை விட வரும்போது கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வருகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்களும் மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். முன்கூட்டியே சொல்ல ஒன்று வந்திருக்கிறது, அதையும் என் பிள்ளையே செய்திருக்கிறான், கேட்காமல் இருந்தால் நான் என்ன தாய் என்று நினைத்தேன். வரன் பேசிமுடித்த தரகரைக் கூப்பிட்டு, திவ்யா அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பத்திரிகை அடிப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம் என்று சொல்லிவிட்டேன். திவ்யாவிடம் சொல்லவில்லை.

அந்த வாரம் சரவணன் எனக்குப் போன் செய்தான். "அத்தை, மாமாவுக்கு இப்ப எப்படி கீதுங்க? பத்திரிகை இன்னும் அடிக்கலன்னு எங்கம்மா பேஜாராயிட்டாங்க. ஜல்தியா ஒரு நாள் சொல்லிடுங்க." பேஜார் என்ற வார்த்தையை நான் பிறந்த நாளிலிருந்து கேட்கிறேன். பால்காரர் சொல்வார், பஸ் கண்டக்டர் சொல்வார், உங்கப்பா நூல் அறுந்தால் சொல்வார். அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. மாமாவுக்கு எப்படி இருக்கிறது என்று முதலில் கேட்டானே, அது காதில் நிற்கவில்லை. ஜல்தியா என்றதை மட்டும் பிடித்துக்கொண்டேன். இப்பவே அவசரப்படுத்துகிறானே, கட்டிக்கொண்டு போனால் என்ன செய்வான் என்று நினைத்தேன். பிரபு, இதைக் கவனித்துக்கொள். உன் கம்ப்யூட்டர் சரவணனைப் பார்த்தது ஒரு தடவைதான். அதற்கப்புறம் அதன் கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது நான். நீ யாருக்காவது ஒன்றைச் சொன்னால் அது அத்தோடு முடிவதில்லை. கேட்டவர்கள் அதைச் சுமந்துகொண்டு திரிவார்கள்.

உங்கப்பாவுக்கு மறைக்கத் தெரியாது என்று உனக்குத் தெரியும். திவ்யா சோறு போடும்போது அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார். இன்னாப்பா என்று அவள் இரண்டு தரம் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் கரண்டியை வைத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஸ்பீக்கரில் போட்டு உன்னைக் கூப்பிட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ண்ணா, நான் அவருக்கு எழுதினதையும் அவர் எனக்கு எழுதினதையும் நீ படிச்சியா?" என்று கேட்டாள்.

"நான் படிக்கல திவ்யா. கம்ப்யூட்டர்தான் படிச்சிது."

"அவரு எழுதினதை மட்டும் போட்டியா?"

"சாப்ட்டியா திவ்யா?" என்றாய் நீ.

"என்னோடதும் போட்டியாண்ணா? சொல்லு."

"உனக்கோசரம்தான் பயந்தேன்" என்றாய் நீ. உன் குரல் உடைந்ததை நான் கேட்டேன். "உனக்குத்தான் பதட்டம் ரொம்ப அதிகமா வந்திச்சி. சின்ன விஷயத்துக்கெல்லாம் ஒடைஞ்சி போற ஆளுன்னு வந்திச்சி. உன்ன மாதிரி ஒருத்தி அவன மாதிரி ஒருத்தன்கிட்ட போனா இன்னா ஆவும்னு நெனச்சேன்."

அவள் போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் உன்னிடம், "இன்னாடா இப்படி சொல்ற, அவ பயந்துப்பாடா" என்றேன். நீ களைத்த குரலில் சொன்னாய், "நீயும் அப்படித்தாம்மா. உன் வாய்ஸ் மெசேஜ் எல்லாத்தையும்கூடப் போட்டுப் பாத்திருக்கேன்." "இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டேன். "அதை விடும்மா" என்றாய். பிரபு, நீ எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அம்மா நீ கோழை, நீ பிடிவாதக்காரி, நீ பாசம் இல்லாதவள், எதை வேண்டுமானாலும். அதை விடும்மா என்று சொன்னதைத்தான் என்னால் விட முடியவில்லை. நோயாளியிடம் டாக்டர் பேசுகிற மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு உன் தங்கை வேறு ஆளாகிவிட்டாள். கடையில் வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுவாள், அழிப்பாள், மறுபடி எழுதுவாள். "ம்மா, 'சீக்கிரம் சொல்லுங்கக்கா'ன்னு எழுதினா பதட்டமாட்டம் தெரியுதா?" என்று என்னைக் கேட்பாள். சரவணனுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவன் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பஸ் தாமதமானால் முன்பெல்லாம் இரைவாள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து உட்காருவாள். கண்ணாடி முன்னால் நின்று அவள் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் பார்த்தேன். தலை வாரவில்லை, பொட்டு வைக்கவில்லை, சும்மா நின்று பார்த்தாள். "நான் இப்படிப்பட்டவதானாம்மா?" என்றாள். இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அழுததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்து, ஆமாம், அப்பவே அப்படித்தானோ என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்லத் தாமதித்ததை அவள் கவனித்தாள்.

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது கடை முதலாளியம்மா கூப்பிட்டார். "இன்னாம்மா, திவ்யா இன்னிக்கி வர்லியா?" காலையிலேயே டிபன் கட்டிக்கொண்டு கிளம்பியவள். அவள் போன் அணைந்திருந்தது. என்னோடு வேலை செய்யும் ராணியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடினேன். உங்கப்பா வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனார். நான் பஸ் நிலையத்தில் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. எனக்கு என்னென்ன காட்சி வந்தது என்று எழுத மாட்டேன். எழுதினால் அது நிஜமாகிவிடும் போல இப்போதும் இருக்கிறது. சின்ன விஷயத்துக்கெல்லாம் உடைந்துபோகிற ஆள் என்று நீ சொன்னது மட்டும் காதில் ஓடிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டருக்கு முன்னாடியே தெரிந்திருக்கிறது, நாம்தான் கோட்டை விட்டுவிட்டோம் என்று நினைத்தேன். அப்போதுதான் உன்னைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். "அதைக் கேளுடா பிரபு. அவ எங்க போயிருப்பான்னு அதைக் கேட்டு சொல்லுடா."

நீ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. பிறகு, "அதுக்கு அதெல்லாம் தெரியாதும்மா" என்றாய். தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி இருந்தது உன் குரல்.

பஸ் நிலையத்தில் பூக்கடைக்காரம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். அப்போது பெரணமல்லூரிலிருந்து போன் வந்தது. சரவணனின் அம்மா. "சம்மந்தி, பயந்துகினு கீறீங்களா? பொண்ணு இங்கதான் கீறா. இப்பத்தான் சொன்னா, வீட்ல சொல்லாம வந்துட்டேன்னு. சாப்ட்டுகினு கீறா. நீங்க மெதுவா வாங்க." நான் அந்த இடத்திலேயே அழுதேன். பூக்கடைக்காரம்மா எதுவும் கேட்காமல் என் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார். உங்கப்பா வந்ததும் அடுத்த பஸ்ஸில் கிளம்பினோம். வழியெல்லாம் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "தரகர்கிட்ட ஒடம்பு சரியில்லன்னு சொன்னியே, இப்ப நெஜமாவே சரியில்ல" என்றார்.

அந்த வீட்டில் நடந்ததை நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. சரவணனின் அம்மா வாசலில் சாக்கு விரித்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். திவ்யா பக்கத்தில் உட்கார்ந்து அவளும் உடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் கிட்டே வரவில்லை. அந்தம்மா எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டுச் சொன்னார். "பொண்ணு தன்னப் பத்தி எல்லாத்தையும் சொல்லிட்டா. 'அத்தை, நான் ரொம்ப பதட்டக்காரியாம், எங்கண்ணன் மெஷின்ல வந்திருக்குது, தெரிஞ்சிகினு முடிவு பண்ணுங்க'ன்னு வந்து நின்னா. மொதல்ல எனுக்கு ஒண்ணும் புரியல. நான் கேக்கறேன், எம் புள்ளையப் பத்தி அந்த மெஷின் இன்னா சொல்லிச்சி?"

எனக்கு உட்கார்ந்த இடம் சுட்டது. உங்கப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான்தான் சொன்னேன், கோபம் அதிகம் என்று வந்ததாக.

அந்தம்மா கோபப்படவில்லை. கையில் இருந்த வேர்க்கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டார். "கோவக்காரன்தான்" என்றார். "அவங்கப்பா செத்த வருஷம் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிச் செவுத்துல அடிச்சான். அந்த நெளிசல் தட்டு உள்ளதான் கீது. என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே சம்மந்தி. ஏன் என்னை யாரும் கேக்கல?"

அந்தக் கேள்வி என்னை வெட்கப்படுத்தியது. ஆனால் வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக வந்தது என்று உன்னிடம் சொல்கிறேன். உன் கம்ப்யூட்டர் சரியாகச் சொல்லியிருக்கிறது. அவன் நிஜமாகவே கோபக்காரன். பொய் என்று தெரிந்திருந்தால் நான் நிம்மதியாக மோரைக் குடித்திருப்பேன். அந்த நேரத்தில் சரவணன் வந்தான். அவன் மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து நேராக வந்திருந்தான், கையெல்லாம் கிரீஸ். அந்தம்மா அவனிடம் ஒளிக்காமல் சொன்னார். அவன் முகம் கறுத்தது. கொடியில் கிடந்த துணியை எடுத்து ரொம்ப நேரம் கையைத் துடைத்தான். நான் திவ்யாவைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை.

"கோவம் வரும்ங்க அத்தை" என்றான். "வந்தா எழுந்து வெளிய போயிடுவேன். திரும்பி வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆவும். இதை அவகிட்ட நிச்சயத்துக்கு முன்னாலயே சொல்லிட்டேன். நான் எழுந்து போனா பின்னாலயே வராத, தானா வந்துடுவேன்னு."

"ஆமாம்மா" என்றாள் திவ்யா. "கோயில்ல பாத்தப்பவே சொன்னாரு."

"அதை மெசேஜ்ல எழுதலியா?" என்று உங்கப்பா கேட்டார். பாவம், அவருக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

சரவணன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "அதெல்லாம் எழுதற சங்கதியா மாமா?" என்றான். அதைச் சொல்லிவிட்டுத் தெருப் பக்கம் போய்விட்டான். திவ்யா பின்னால் போகவில்லை. மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் பஸ் நேரம் வருவதற்குள் அவனே வந்தான், எங்கள் மூன்று பேரையும் பஸ் ஏற்றிவிட்டான். ஜன்னல் வழியாகத் திவ்யாவிடம், "போன் ஆன் பண்ணி வையி" என்று மட்டும் சொன்னான். வீட்டுக்கு வந்தால் நீ வாசலில் நின்றிருந்தாய். ஆபீஸ் அட்டை கழுத்தில் தொங்கிக்கொண்டே இருந்தது. அவளைப் பார்த்ததும் நீ முகத்தை மூடிக்கொண்டாய். அவள் உன்னைத் தாண்டி உள்ளே போய், உனக்கு ஒரு தட்டு வைத்தாள்.

கல்யாணம் நடந்தது. நன்றாகவே நடந்தது. அவள் இப்போது பெரணமல்லூரில் இருக்கிறாள், அங்கிருந்தே கடைக்குப் போனில் வேலை பார்க்கிறாள். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு ஆசைதான். ஆனால் போன மாதம் ஒருநாள் அவள் சொல்லாமல் கொள்ளாமல் பையோடு வந்து நின்றாள். கேட்டால், "சும்மாதாம்மா" என்றாள். நான் அவள் கையை, கழுத்தைப் பார்த்தேன். அவள் அதைக் கவனித்து, "ஒண்ணும் இல்லம்மா, பாத்துக்கோ" என்று முந்தானையை விலக்கிக் காட்டினாள். சாயங்காலம் அவன் வந்தான், தயிர்சாதம் சாப்பிட்டான், இரண்டு பேரும் வண்டியில் போனார்கள். போகும்போது அவள் அவன் தோளைப் பிடித்திருந்தாள். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. உன் கம்ப்யூட்டர் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. கோபம் இருக்கிறது என்று அது சொன்னது சரிதான். கோபம் வந்தால் அவன் என்ன செய்வான் என்பதை அவர்கள் இரண்டு பேரும் தினம் தினம் வாழ்ந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். நான் தினம் தினம் பயந்துகொண்டு காத்திருக்க வேண்டும். இதற்குக் குறுக்கு வழி இருக்கிறது என்று நம்பினேன். இல்லை என்று தெரிந்த பிறகும் மனம் அதையே தேடுகிறது. சில நாள் உன்னைக் கூப்பிட்டு, அவர்கள் இப்போது எழுதிக்கொள்வதை ஒருதரம் பார்த்துச் சொல்லேன் என்று கேட்டுவிடுவேனோ என்று என்னைப் பார்த்தே பயப்படுகிறேன். கேட்டால், முடியாது என்று சொல்லிவிடு.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அவளைப் பற்றிய பயம் இல்லை, என்னைப் பற்றியதும் இல்லை. போன ஞாயிறு உன்னிடம் பேசிவிட்டு வைத்த பிறகு ஒன்று நினைவுக்கு வந்தது. கல்யாணத்தன்று பந்தி முடிந்து நீ கை கழுவிக்கொண்டிருந்தபோது வந்து சொன்னேன், "தேசூர்ல ஒரு இடம் சொல்றாங்கடா, பொண்ணு டீச்சராம்." நீ குழாயை மூடாமல் நின்றாய். "எனக்கு வேணாம்மா. நான் யாரோடயும் சேந்து இருக்க முடியாத ஆளு. எனக்குத் தெரியும்." யாருடா சொன்னது என்றதற்கு, "யாரும் சொல்லல" என்று வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாய். கல்யாணச் சந்தடியில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் சொல்கிற சாக்கு என்று நினைத்தேன்.

எங்கள் அங்கன்வாடிக்குப் புதிதாக எடை பார்க்கும் மெஷின் வந்தபோது, பெட்டியைப் பிரித்ததும் பிள்ளைகளை ஏற்றவில்லை. முதலில் நான் ஏறி நின்றேன், அப்புறம் ராணி. யாராக இருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? நீ சரவணனைப் போட்டாய், திவ்யாவைப் போட்டாய், என்னைப் போட்டாய். எங்களுக்கெல்லாம் முன்னால் யாரைப் போட்டிருப்பாய் பிரபு? இது தோன்றியதும் நீ கை கழுவிக்கொண்டு சொன்னதற்கு அர்த்தம் புரிந்தது. தங்கை ஒரு சொல்லைக் கேட்டு நாள்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்றாள். அவளுக்கு வீட்டில் நாங்கள் இருந்தோம், போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. நீ அங்கே தனியாக இருக்கிற அறையில் யார் முன்னால் நின்றுகொண்டிருக்கிறாய்? எவ்வளவு நாளாக? தீபாவளிக்கு வராததும், சிநேகிதர்களைப் பற்றிப் பேச்சே எடுக்காததும், கூப்பிட்டால் நான் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டு இருப்பதும் வேலை அதிகம் என்பதால்தான் என்று நம்பியிருந்தேன். யாரோடும் சேர்ந்து இருக்க முடியாத ஆள் என்று அது சொல்லி, நீ அதை நம்பி, அதன்படியே நடந்து நடந்து அப்படியே ஆகிக்கொண்டிருக்கிறாயோ என்று இப்போது பயப்படுகிறேன்.

அது என்ன சொன்னது என்று எனக்குத் தெரிய வேண்டாம். பொய் என்று சொல்லவும் எனக்குத் துணிச்சல் இல்லை, சரவணன் விஷயத்தில் பார்த்துவிட்டேனே. ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம். உனக்கு மனிதர்களோடு இருப்பது கஷ்டமாக இருக்கலாம். இருந்தால் இருக்கட்டும். அது தெரிந்தவர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியது. நேற்றுத் திவ்யாவிடம் இதைச் சொன்னேன். உன் மேல் இன்னும் வருத்தம் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். "அண்ணன் தனியா கீதும்மா. நாம போலாம் வா" என்றாள்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அவளும் வருகிறோம். உங்கப்பா தறியை விட்டு வர முடியாது என்று சொன்னார், அப்புறம் அவரும் வருகிறேன் என்கிறார். வர வேண்டாம் என்று சொல்ல நீ கூப்பிட்டால் நான் எடுக்க மாட்டேன். அறையைக் கூட்டிப் பெருக்க வேண்டாம், ஓட்டலில் எதுவும் வாங்கி வைக்க வேண்டாம். கதவை மட்டும் திற. எங்களைப் பார்த்ததும் உனக்குப் பேச்சு வராமல் போகலாம். வராவிட்டால் பேச வேண்டாம், யாரும் உன்னை எதுவும் கேட்க மாட்டோம். நீ சும்மா உட்கார்ந்திரு. நான் பயந்துகொண்டே உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா